பாலிகரன் பட்டம் அற்றுப்போன விதம்

பாலிகரன் பிரபு என்ற அயர்லாந்துப் பட்டம் 1871ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி அற்றுப்போனதாக, அந்நாட்டுப் பிரபு குடும்பங்களைப் பற்றிய நூலொன்று கூறுகிறது. என் தம்பி ஸ்ரனிஸ்லாஸ் அந்த வரியை நாற்பது ஆண்டுகளாக மறுத்துவந்தான். இன்றைய பாலிகரன் பிரபு தானே என்பது அவனுடைய முடிவு. நுரையீரலுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சென்ற மாசி மாதம் மருத்துவர் சொன்னபிறகு, அவனிடம் ஒரே ஓர் ஆசைதான் எஞ்சியிருந்தது. கண்ணை மூடுவதற்கு முன்னர் அந்த உரிமைக் கோரிக்கை லண்டனிலுள்ள உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

அதற்கான பத்திரங்களை ஒழுங்குபடுத்தித் தரும்படி என்னைக் கேட்டான். நான் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவள். பின்னர் டென்மார்க்குக்கு வந்து, பிராண்டே நகரின் நெசவாலையொன்றில் ஓய்வுபெறும்வரை துணி மடித்தவள். அவன் முன்பும் பலமுறை கேட்டிருக்கிறான். பத்திரங்களை அவன் சேர்த்துவைத்திருந்த பெட்டியை நான் தொட்டதில்லை.

“எனக்குப் பைத்தியம் எண்டுதானே நினைக்கிறாய்?” என்றான்.

“ஓம்.”

“சரி. பைத்தியக்காரன்ட பேப்பரையாவது ஒழுங்கா அடுக்கித் தாவன் அக்கா. நீ அடுக்கினா வெள்ளைக்காரனும் பிழை பிடிக்க ஏலாது.”

கொமூன் என்ற நகரசபை கொடுத்த நோயாளர் கட்டிலை அவனுடைய வரவேற்பறையின் சாளரத்தோடு போட்டிருந்தார்கள். ஒட்சிசன் இயந்திரம் கட்டிலின் காலடியில் இடைவிடாது இரைந்துகொண்டிருந்தது. சாளரத்துக்கு வெளியே பெருவீதி. காற்றாலைச் சிறகுகளை ஏற்றிய நீண்ட வண்டிகள் காவல்துறை வாகனம் முன்னே வர அவ்வழியே போகும். ஒவ்வொரு முறையும் அவன் பேச்சை நிறுத்தி, வண்டி முழுவதும் கடந்து முடியும்வரை பார்ப்பான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன்.

பெட்டிக்குள் இருந்த வரலாற்றை இங்கு சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாம் பிரபு ஆதர் கொறின், அயர்லாந்தின் மேற்குக் கரையில் சதுப்பும் கல்லுமான நிலம் வைத்திருந்தவர். டப்ளின் பாராளுமன்றத்தில் கையுயர்த்தச் சொன்ன போதெல்லாம் உயர்த்தினார் என்பதைத் தவிர அவர் செய்ததாக எதுவும் பதிவாகவில்லை. 1761இல் பட்டம் கிடைத்தது. இரண்டாம் பிரபு ஐம்பத்திரண்டு சாளரங்களுடன் மாளிகை கட்டத் தொடங்கிக் கூரை போடுமுன் இறந்தார். மூன்றாம் பிரபு பாதிக் கூரை போட்டார். அவருக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் வில்லியம் நான்காம் பிரபு. பஞ்ச காலத்தில் வாயிற்கதவைப் பூட்டிவிட்டு வேட்டைநாய்களுடன் உள்ளேயே இருந்தவர். மணம் முடிக்காமல் 1871இல் இறந்தார். மறுமாரியில் அந்தப் பாதிக் கூரையும் விழுந்தது.

இளையவர் தோமஸ், குளங்களை அளக்கும் நிலஅளவையாளராக 1853இல் இலங்கைக்கு வந்தார். அவரைப் பற்றி அந்த நூலில் ஒரே வரி உண்டு: மணமாகாதவர், 1866இல் இலங்கையில் காய்ச்சலால் இறந்தார். அந்த வரி பொய். தோமஸ் கொறின் 1858ஆம் ஆண்டு மட்டக்களப்பில், கத்தோலிக்கக் கோவிலில், அன்னம்மாள் என்ற எங்கள் ஊர்ப் பெண்ணை முறைப்படி மணம் முடித்தார். பெண்ணுக்காகச் சமயம் மாறிய மகனைப் புரட்டஸ்தாந்து வீடு மணமாகாதவனாகவே எழுதிச் சாகவைத்தது. விவாகப் பதிவின் ஒளிப்படத்தைத் தம்பி எப்படியோ பெற்றுவைத்திருந்தான். பாதிரியாரின் கையொப்பம், சாட்சிகள் இருவர், திகதி, எல்லாம் சரியாக இருந்தன. அதைப் பார்த்தபோதுதான், நாற்பது ஆண்டுகளில் முதற்தடவையாக, இவன் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அந்தத் தோமஸ் கட்டிய ஓட்டு வீடுதான் எங்கள் தாய்வீடு. கொறின் வளவு என்று சொன்னால் ஊரில் எவருக்கும் தெரியும். 1990இல் அது எரிந்துபோனது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தம்பி டென்மார்க்குக்கு வந்துவிட்டான். அகதி விசாரணையில் குடும்பப் பெயர் என்னவென்று அதிகாரி கேட்டபோது, எங்கள் தகப்பனாரின் பெயரான இராயப்புவைச் சொல்லாமல், வீட்டின் பெயரைச் சொன்னான். அவனுடைய மஞ்சள் மருத்துவ அட்டையில் இன்றும் ஸ்ரனிஸ்லாஸ் கொறின் என்றுதான் இருக்கிறது. என்னுடையதில் விக்ரோரியா இராயப்பு. உடன்பிறந்தவர்கள் என்பதை நிறுவ நாங்கள் இருவரும் ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

அந்தப் பெயரால் வந்த கேடு அவ்வளவோடு நிற்கவில்லை. தம்பிக்கு ஒரே மகள், நிரஞ்சலா. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டாள். 2005ஆம் ஆண்டில் அவளும் டிலக்சன் என்ற இளைஞனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். டிலக்சனின் தகப்பனார் செல்வரட்ணம் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் பங்கைச் சேர்ந்தவர். பிராண்டேயில் காற்றாலைச் சிறகுகளைத் தேய்த்து மினுக்கும் வேலை செய்தவர். அவரும் மனைவியும் பழத்தட்டுடன் பெண் கேட்டு வந்தனர். தம்பி தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் என்னிடம் பதிலைச் சொல்லி அனுப்பினான்.

“கொறின் வீட்டுப் பிள்ளைய வேரும் பேரும் தெரியாத ஆக்களுக்குக் குடுக்கிறேல்ல. இதை அப்பிடியே போய்ச் சொல்லு.”

நான் அப்படியே போய்ச் சொன்னேன். வாசலில் நின்று, மேலங்கியைக் கழற்றாமல், ஒரு சொல் கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னேன். செல்வரட்ணம், “சரி அக்கா,” என்று கதவைச் சாத்தினார். தன் தகப்பனை அப்படிச் சொன்ன வீட்டுக்கு மருமகனாக வரமாட்டேன் என்று டிலக்சன் நிரஞ்சலாவிடம் சொல்லிவிட்டான். அவள் அந்த ஆண்டே கொப்பன்ஹேகனுக்கு அருகிலுள்ள டோஸ்ட்ருப்புக்குப் போய், முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குத் தொலைபேசி எடுப்பாள், தகப்பனுடன் கதைப்பதில்லை. டிலக்சனும் மணம் முடிக்கவில்லை. 2013ஆம் ஆண்டு, பனிமூட்டம் மூடிய ஒரு காலையில், ஹேர்ணிங் வீதியில் அவனுடைய கார் லொறியொன்றுடன் மோதியது. அவனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அடுத்த ஆண்டு தாயும் போய்விட்டாள்.

பட்டத்தை வழங்கிய சாசனத்தின் பிரதி பெட்டியில் இருந்தது. அதை நான் மூன்று முறை வாசித்தேன். பட்டம் ஆதர் கொறினுக்கும், அவருடைய உடலிற் பிறந்த சட்டபூர்வமான ஆண் வாரிசுகளுக்கும் உரியது என்று அதில் இருந்தது. அந்த வரியின் கீழ்த் தம்பி சிவப்பு மையால் இரட்டைக் கோடு இழுத்திருந்தான். அதன்பின் அவன் வரைந்திருந்த வம்சவரிசையை எடுத்தேன். தோமஸ். தோமஸின் மகள் இசபெல். இசபெலின் மகள் பிலோமினா. பிலோமினாவின் மகள் றெஜினா, எங்கள் அம்மா. அம்மாவின் மகன் ஸ்ரனிஸ்லாஸ்.

இதில் எங்கே பிழை என்று எங்கள் ஊரில் எவரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அங்கே வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை மணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அவனுடைய பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகள். கொறின் வளவில் பிறந்து வளர்ந்த நாங்கள் கொறின் வம்சம் என்பதில் எனக்கும் அதுவரை ஐயம் வந்ததில்லை. நான் பிழையைக் கண்டது கட்டமிட்ட தாளில், கச்சேரியில் செய்வதுபோல், ஆண் ஒரு நிரலும் பெண் ஒரு நிரலுமாக எழுதியபோதுதான். தோமஸுக்குக் கீழே ஆண் நிரல் வெறுமையாக இருந்தது.

மறுநாள் முற்பகல் அவனிடம் போனேன்.

“நீ கேக்க ஏலாது ஸ்ரனி. இது ஆண்வழிக்கு எழுதின பட்டம்.”

“அதுதான் சிவப்பால கோடு போட்டிரிக்கன். ஆண் வாரிசு. நான் ஆண்தானே? என்ன, பொம்பிளையா?”

“நீ ஆண். இசபெல் ஆண் இல்ல. பிலோமினா ஆண் இல்ல. அம்மாவும் ஆண் இல்ல.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சாளரத்தைப் பார்த்தான். வீதியில் வண்டியேதும் போகவில்லை.

“அம்மாட வழிதானே வழி,” என்றான்.

“மட்டக்களப்பில.”

இயந்திரம் இரைந்தது. “தோமஸுக்கு ஒரு பொடியன் இருந்தவன். சந்தியாகு. ஆத்துக்கு அங்கால கலியாணம் முடிச்சுப் போனவன் எண்டு அம்மம்மா சொன்னவ. அவன்ட ஆக்கள் எங்க?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“தேடு. நான் இல்லாட்டி ஆரோ ஒருத்தன் இரிக்கோணும். தேடிக் கண்டுபிடி அக்கா. பட்டம் செத்ததெண்டு எழுதினவனுக்கு மறுமொழி குடுக்காமப் போகமாட்டன்.”

தனக்கு இல்லை என்று தெரிந்தபின்னும் அவன் அதை விடுவான் என்று நான் எதிர்பார்த்தது பிழை. அவனுக்கு அந்தப் பட்டம் உயிரோடிருக்கவேண்டும். எவன் தலையில் என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது.

ஊரிலிருந்த குருவானவர் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தம் கைத்தொலைபேசியால் படமெடுத்து, நாள்தோறும் நான்கைந்து பக்கங்களாக அனுப்பிவைத்தார். கறையான் தின்ற ஓரங்களை விட்டு, மிகுதியை நான் உருப்பெருக்கியால் வாசித்தேன். மூன்று வாரம் எடுத்தது. சந்தியாகு 1859இல் பிறந்து, ஆற்றுக்கு அப்பால் தோணி கட்டும் குடும்பமொன்றில் பெண்ணெடுத்து, அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் வழக்கப்படி அவருடைய மகனின் பெயருக்கு முன்னால் சந்தியாகு வந்தது. கொறின் என்ற சொல் அந்த ஒரே தலைமுறையில் மறைந்துபோனது. சந்தியாகுவின் மகன் பேதுரு. பேதுருவின் மகன் ஞானமுத்து. ஞானமுத்துவின் மூத்த மகன் நான்கு வயதிற் காய்ச்சலால் இறந்தான். இரண்டாவது மகன் 1951ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஞானஸ்நானம் பெற்றவர். பெயர் செல்வரட்ணம்.

நான் அந்தப் படத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து, சமையலறையைத் துடைத்தேன். திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், எல்லாம் அவரேதான். வேறு ஆண்வழி உண்டா என்று இன்னும் மூன்று நாட்கள் தேடினேன். இல்லை.

ஆகவே, நூலில் உள்ள வரியைத் திருத்தி எழுதுவதானால் இப்படி எழுதவேண்டும்: ஐந்தாம் பாலிகரன் பிரபு பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வந்து, அதை அறியாமலே தோணித் தச்சராக வாழ்ந்து இறந்தார். ஆறாம் பிரபு கோவில் மணி அடித்தார். ஏழாம் பிரபு பேருந்துச் சாலையில் நேரக்காப்பாளராக இருந்தார். எட்டாம் பிரபு பிராண்டேயில், என் வீட்டிலிருந்து காரில் ஆறு நிமிடத் தொலைவில் இருக்கிறார். ஒன்பதாம் பிரபுவாக வந்திருக்கவேண்டியவன் இவ்வூர் மயானத்தில் கிடக்கிறான்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது, தொடக்கத்தில் அவனுக்கு விளங்கவில்லை.

“எந்தச் செல்வரட்ணம்?”

“எந்தச் செல்வரட்ணம் இஞ்ச இரிக்கிறார்?”

சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், ஒட்சிசன் முகமூடியை நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் அவன் கேட்டது மகளைப் பற்றியோ டிலக்சனைப் பற்றியோ அல்ல.

“கோரிக்கையில கையெழுத்து வைக்கவேண்டியது அப்ப அவன்.”

“ஓம். உரிமை உள்ளவர்தான் வைக்கவேணும்.”

“கூப்பிடு.”

“அவர் இந்த வீட்டு வாசலுக்கு வரமாட்டார்.”

“அப்ப நீ போ. பேப்பரைக் கொண்டு நீ போ. எனக்கு நாளில்லைக்கா.”

நான் கோரிக்கையைச் செல்வரட்ணத்தின் பெயருக்கு மாற்றி, தலைமுறைக்கு ஒன்றாகச் சான்றுகளை இணைத்து, கையொப்பமிட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். இருபது ஆண்டுகளாகக் கோவிலிலும் கடையிலும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

அவர் ஏணியில் ஏறி நின்று கூரையோர மழைநீர்ப் பீலியிலிருந்து அழுகிய இலைகளை வாரிக்கொண்டிருந்தார்.

“இறங்குங்க செல்வரட்ணம். விழுந்தா ஆரு தூக்கிறது?”

“விழுந்தா அப்பிடியே கிடக்கலாம் எண்டுதான் ஏறினன் அக்கா,” என்றார். இறங்கி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, என் கையிலிருந்த கோப்புறையைப் பார்த்தார். “சென்சஸ் எடுக்க வந்தீங்களோ?”

இம்முறை மேலங்கியைக் கழற்றினேன். அவருடைய சமையலறை மேசையில் தாள்களை வரிசையாக வைத்து, ஆதர் கொறினில் தொடங்கிச் சொன்னேன். அவர் குறுக்கிடாமற் கேட்டார். சந்தியாகுவின் பெயர் வந்ததும், “அப்புட அப்புட அப்பு. ஓம், வெள்ளைக் கண்ணராம்,” என்றார். முடிந்தபின் கோப்பி ஊற்றினார்.

“அப்ப என்னைப் பிரபு எண்டு கூப்பிடோணுமோ?”

“சட்டப்படி, ஓம்.”

“ஐயோ, முன்னமே சொல்லியிருக்கக்கூடாதா! இருபது வருசம் அந்தச் சிறகுக்குள்ள பூந்து தூசி தின்டன். போர்மனுக்குச் சொல்லியிருந்தா ஒரு கதிரையாவது தந்திருப்பான்.” சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு மஞ்சள் ஒட்டுத்தாளைத் தொட்டுப் பார்த்தார். “இதில வைக்கிறதா?”

“ஓம்.”

“வைச்சா, எனக்குப் பிறகு இது ஆருக்கு?”

“ஆண்வழியில வேற ஒருத்தரும் இல்ல. உங்களோட முடியும்.”

“என்னோட இல்ல அக்கா. அது பன்ரெண்டு வருசத்துக்கு முன்னம் முடிஞ்சுது.” கோப்பியை அருந்தாமல் தள்ளிவைத்தார். “இந்தப் பேப்பரைப் பாத்தா எனக்கு என்ன தெரியுது எண்டு சொல்லட்டா? அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வந்திருந்தா, இப்ப மாடியில பேரப்பெடியள் குத்திமுறிஞ்சிருப்பாங்கள். அவ்வளவுதான் தெரியுது.”

நான் கொண்டுவந்த பேனையை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அவர் எழுந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நான் வைத்த வரிசை குலையாமல் அடுக்கினார். கோப்புறைக்குள் வைத்து என் பக்கமாக நகர்த்தினார்.

“ஸ்ரனிட்டச் சொல்லுங்க. வேரும் பேரும் தெரியாத ஆக்கள் கையெழுத்து வைக்கிறேல்லையாம் எண்டு.”

இருபது ஆண்டுகளாக அந்தச் சொற்களை அவர் பிசகாமல் வைத்திருந்திருக்கிறார். நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலே வந்து கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார்.

“அக்கா. அதைச் சொல்லாதேங்க. சாகப்போற மனிசன். செல்வரட்ணத்துக்குச் சுகமில்ல, யோசிச்சுச் சொல்லுவாராம் எண்டு ஏதும் சொல்லி விடுங்க.”

தம்பி வீட்டுக்குக் காரில் போன நேரம் முழுவதும் நான் அந்த இரண்டு பதில்களையும் மனத்தில் வைத்துப் பார்த்தேன். சுகமில்லை என்பது உண்மையல்ல. யோசிப்பார் என்பதும் உண்மையல்ல. நான் ஒருபோதும் இல்லாததை எழுதியவளுமல்ல, சொன்னவளுமல்ல.

தம்பி தலையணைகளை உயர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்திருந்தான். கொமூனிலிருந்து வரும் பெண்ணிடம் கேட்டுச் செய்வித்திருக்கவேண்டும்.

“வைச்சானா?”

“இல்ல.”

“என்ன சொன்னான்?”

“வேரும் பேரும் தெரியாத ஆக்கள் கையெழுத்து வைக்கிறேல்லையாம்.”

அவன் முகத்தில் கோபம் வரும் என்று எண்ணினேன். வரவில்லை. அந்தச் சொற்களை எங்கோ கேட்டிருக்கிறோம், எங்கே என்று தேடுபவன்போல் பார்த்தான். கண்டுபிடித்ததும் மெல்லக் கேட்டான்.

“அக்கா. அண்டைக்கு இதையா போய்ச் சொன்னாய்?”

“நீ சொல்லிவிட்டதைச் சொன்னன்.”

“இப்பிடியேயா?”

“அப்பிடியே சொல்லச் சொன்னாய்.”

“அப்பிடித்தானே சொல்லுறது! அது முதற்கேள்வி. முதற்கேள்விக்கு ஆரும் ஓமெண்டுவானா? பெட்டைக்கு மதிப்பு வேணாமா? தகப்பன் கத்துவான். போறவ அதைப் பதமாக்கி, ‘தம்பிக்கு இப்ப மனம் சரியில்ல, பிறகு ஒருக்கா வந்து பாருங்க’ எண்டு சொல்லுவா. அவங்க திரும்பி வருவாங்க.” மூச்சு முட்டியது, விரலை உயர்த்தி என்னை நிறுத்தினான். “நான் பாதருக்கும் சொல்லிவைச்சிருந்தன், கலியாணத்துக்கு ஆவணிக்குள்ள ஒரு நாள் வேணுமெண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் சேட்டுப் போட்டுக்கொண்டு இந்தக் கதிரையில இருந்தனான். அவங்க வரல்ல. என்ன திமிர் எண்டு நினைச்சன். இருவது வருசம் அவன்ட திமிர் எண்டுதான் நினைச்சன்.”

“எனக்கு நீ அதைச் சொல்லேல்ல.”

“இதையும் சொல்லோணுமா? எங்கட ஊரில ஆரு அப்பிடியே போய்ச் சொல்லுவான்?”

நான் மணமாகாதவள். அதற்கு முன்னரோ பின்னரோ எவருக்காகவும் சம்பந்தம் பேசப் போனதில்லை. தூது போகிறவரின் வேலை என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்; ஊரில் ஒவ்வொரு கலியாணத்திலும் கண்முன்னே நடந்ததுதான். ஆனால், தகவலளிப்பவர் சொன்னதை அவ்வாறே பதிவது என்பதைத் தவிர வேறெதையும் எனக்கு எந்த அலுவலகமும் பழக்கவில்லை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் அதைக் கேட்கும் நிலையிலும் இல்லை. சுவர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டான்.

சற்று நேரத்தில் கொமூன் பெண் வந்தாள். அவனைப் புரட்டிப் படுக்கவைப்பதற்காகக் கட்டிலின்மேல் கிடந்த தாள்களைத் தூக்கி, இவை முக்கியமானவையா என்று டேனிஷில் கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான். அதன்பின் அந்தப் பட்டத்தைப் பற்றி அவன் வாய்திறக்கவில்லை. மகளுக்கு அறிவிக்கவா என்று இருமுறை கேட்டேன். இருமுறையும் தலையை ஆட்டி மறுத்தான். பதினொரு நாட்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், வீதியில் எதுவும் போகாத நேரத்தில் இறந்தான். கோரிக்கை அனுப்பப்படவில்லை. நூலில் உள்ள வரி அவ்வாறே இருக்கிறது; இனி அதைப் பிழை என்று சொல்ல எவரும் இல்லை.

அடக்கத்துக்குப் பதினைந்து பேர் வந்தனர். சவப்பெட்டிக்கு ஆறு பிடிகள். தூக்கக்கூடிய ஆண்கள் ஐவரே இருந்தனர். ஆறாவது பிடி வெறுமையாக இருப்பதைக் கண்டு கோவிலின் கடைசி வரிசையிலிருந்து செல்வரட்ணம் எழுந்து வந்து பிடித்தார். குழிவரை வந்தார். கோப்பிக்கு நிற்கவில்லை.

நிரஞ்சலா காலை ரயிலில் வந்திருந்தாள். நாற்பத்து நான்கு வயது. முதியோர் இல்லத்தில் பல சாவுகளைப் பார்த்தவளின் நிதானத்துடன் வந்தவர்களுக்குக் கை கொடுத்தாள், மேசைகளைத் துடைத்தாள். பிற்பகல் ரயிலுக்கு நான் அவளை நிலையத்துக்குக் கூட்டிச்சென்றேன். மேடையில் எங்களைத் தவிர எவரும் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“மாமி, அப்பா கடைசியில என்னைப் பற்றி ஏதும் சொன்னவரா?”

அவளுடைய தகப்பன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு நினைவிருந்தது. ஆவணிக்குள் ஒரு நாள். சனிக்கிழமைகள். கதிரை. இருபது ஆண்டுகளாக ஒரு கல்நெஞ்சுக்காரனை வெறுத்து வாழ்ந்து பழகியவளிடம், அவன் ஓமென்று சொல்லக் காத்திருந்தான் என்று நான் சொன்னால், அவள் எதை வைத்துக்கொண்டு மிகுதி நாட்களைக் கழிப்பாள்? என் வாழ்நாளில் முதற்தடவையாக நான் ஒரு பதிலை மாற்றிச் சொன்னேன்.

“இல்லம்மா. ஒண்டும் சொல்லேல்ல.”

“நினைச்சன்,” என்றாள். கையுறைகளைப் போட்டுக்கொண்டாள். அவளுடைய முகத்தில் ஏதோ ஒன்று, இன்னும் சற்றுத் திறந்திருந்த ஏதோ ஒன்று, மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ரயில் வருவதற்கு நான்கு நிமிடங்கள் இருந்தன. அந்த நான்கு நிமிடங்களில் நான் சொன்னதைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.